செய்தி கொண்டுபோகாத காப்பு

சுரேன், நீ பேசிய வீடியோவை இன்று மதியம் நீக்கிவிட்டார்கள். இனிமேல் உன் முகத்தைக் காட்டி யாரும் காப்பு விற்க முடியாது. நானே செபராங் ஜெயாவுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போய், ராஜன் மாஸ்டரின் அலுவலகத்தில் உட்கார்ந்து, அவர் கைப்பேசியில் அவர் விரலாலேயே அழிக்கவைத்துவிட்டுத்தான் தீவுக்குத் திரும்பப் பாலம் ஏறினேன். அதற்காக நான் சில விஷயங்களை விட்டுக்கொடுத்திருக்கிறேன். அதில் ஒரு பங்கு உன் தலையில் விழுகிறது. போனில் சொன்னால் நீ பாதியிலேயே கோபப்பட்டு வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். புக்கிட் மெர்தாஜாமில் அந்தக் காப்பை வாங்கிய மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை ஒட்டாத கடிதமாக விடுகிறேன். உன் தனம் அத்தையிடம் கேட்டேன். "எழுதுங்க அண்ணி, என் பேரப் போட்டே எழுதுங்க. நான் என்ன திருடிட்டா வந்தேன்?" என்றாள். அவள் மகள் கவிதாவும் மெல்பர்னிலிருந்து சரி என்று சொல்லிவிட்டாள்.

நீ விடுமுறைக்கு வந்திருந்தபோது அந்த மண்டபத்தில் பேசச் சொல்லி உன்னை அழைத்தவர் இந்த ராஜன் மாஸ்டர்தான். அவரை எனக்கு வெகுநாளாகத் தெரியும். முதலில் வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டி விற்றார். பிறகு பரீட்சைப் பிள்ளைகளுக்கு ஞாபகசக்தி வகுப்பு நடத்தினார். இப்போது மனப்பயிற்சி. பேச்சு நன்றாக வரும், ஆள் கெட்டவர் இல்லை, ஆனால் கையில் எது கிடைத்தாலும் அதற்கு ஒரு விலைச்சீட்டு ஒட்டிவிடுவார். அன்று நான் நம் செருப்புக் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஜெர்மனியில் படித்த என் மகன் தமிழில் குவாண்டம் பின்னல் பற்றிப் பேசுகிறான் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டேன். நீ சொன்னாய்: ஒன்றாகப் பிறந்த இரண்டு துகள்களை எவ்வளவு தூரம் பிரித்துவைத்தாலும், இங்கே ஒன்றை அளந்தால் அங்கே இருப்பது அதோடு ஒத்துப்போகிறது, ஏன் என்பதில் உலகத்து விஞ்ஞானிகள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. மண்டபமே கைதட்டியது. கைதட்டல் அடங்கியதும் நீ இன்னொரு வாக்கியம் சொன்னாய். இதை வைத்து ஒரு சின்னச் செய்திகூட அனுப்ப முடியாது என்று. அதற்குள் பாதிப் பேர் பின்னால் தேநீர் மேசையைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மறுநாள் காலை நீ ரொட்டிச் சானாய் பொட்டலத்தோடு கடைக்கு வந்தது ஞாபகம் இருக்கிறதா? சூலியா தெருப் பக்கம் சாமான் இறக்கும் லாரி வழியை அடைத்துக்கொண்டிருந்ததால் வாடிக்கையாளர் யாருமில்லை. முந்தின நாள் எனக்குள் இருந்த கேள்வியை அப்போதுதான் கேட்டேன்.

"இதுல என்னடா அதிசயம்? நான் வெளிய வைக்கிறது பூரா இடது கால் சப்பாத்து. வலது கால் மேல பெட்டியில கிடக்கு. இடது இங்க இருக்குன்னா மேல இருக்கிறது வலதுதான். இதுக்கு ஜெர்மனி போகணுமா?"

நம் தொழிலில் எல்லோரும் செய்வதுதான் அது. ஜோடியாக வெளியே வைத்தால் ஜோடியாகவே காணாமல் போகும். நீ வாயில் ரொட்டியோடு சிரித்தாய்.

"எல்லாரும் முதல்ல இப்படித்தான்மா நினைச்சாங்க. பெரிய பெரிய ஆளுங்களே. ஆனா அது சப்பாத்து, இது சப்பாத்து இல்ல."

பிறகு மூன்று காலிப் பெட்டிகளை எடுத்து என் மேசைமேல் வைத்தாய். "இங்க மூணு பெட்டி. செபராங் ஜெயாவுல ஒரு கடையில அதே மாதிரி மூணு பெட்டி. ஒவ்வொண்ணுலயும் ஒரு சிலிப்பர், சிவப்போ நீலமோ. வர்றவங்க ஒரே ஒரு பெட்டியத்தான் திறக்கலாம், எதுன்னு அந்த நேரத்துல இஷ்டப்படி முடிவு பண்ணலாம். ரெண்டு கடையிலயும் ஒரே நம்பர் பெட்டியத் திறந்தா எப்பவும் ஒரே கலர். ஏன்?"

"சப்ளையர் ரெண்டு கடைக்கும் ஒரே மாதிரி அடுக்கி அனுப்பியிருக்கான். அவ்வளவுதான்லா."

"சரி. அப்ப வேற வேற நம்பர் திறந்தா எத்தன தடவ கலர் ஒத்துப்போகும்?"

யோசித்தேன். மூன்று பெட்டி, இரண்டே நிறம். எப்படி அடுக்கினாலும் இரண்டு பெட்டிக்காவது ஒரே நிறம் வந்தே தீரும். வேறு வேறு நம்பர் ஜோடி என்றால் மொத்தமே மூன்றுதான். ஆக, சப்ளையர் எவ்வளவு பெரிய கில்லாடியாக இருந்தாலும் மூன்று தடவைக்கு ஒரு தடவையாவது ஒத்துப்போகவேண்டும், அதற்குக் குறைய வழியே இல்லை. சொன்னேன். நீ தலையாட்டினாய்.

"அதான் கணக்கு. ஆனா நிஜத் துகள வச்சு சோதனை பண்ணிப் பார்த்தா நாலு தடவைக்கு ஒரு தடவதான் ஒத்துப்போகுது."

"எண்ணினவன் தப்பா எண்ணியிருப்பான்."

"பல நாட்டுல பல பேரு எண்ணிட்டாங்கம்மா. எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க."

நீ காப்பி வாங்கப் போனதும் நான் நிஜமாகவே சிலிப்பர்களை எடுத்துப் பெட்டிகளில் மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தேன். இத்தனை வருடம் சரக்கு இறக்கியவள், யார் எப்படி அடுக்கி ஏமாற்றுவான் என்பது எனக்குத் தெரியாததா? முடியவில்லை, சுரேன். எப்படி வைத்தாலும் மூன்றில் ஒன்றுக்குக் கீழே இறங்கவில்லை. முன்கூட்டியே அடுக்கி அனுப்பியது என்ற பேச்சு எடுபடாது என்று என் கையாலேயே தெரிந்துகொண்டேன். அதிலிருந்து மனதுக்குள் ஒரு சங்கடம்.

நீ திரும்பி வந்ததும் "அப்ப யாருதான் அடுக்கினது?" என்று கேட்டேன். நீ காப்பியை ஆற்றிக்கொண்டே விஞ்ஞானிகளுக்குள் இருக்கும் நாலு கட்சிகளின் கதையைச் சொன்னாய். ஒரு கட்சி சொல்கிறது, இந்தப் பெட்டியைத் திறந்ததுமே, நடுவில் எவ்வளவு தூரம் இருந்தாலும், அந்தப் பெட்டிக்குள் ஏதோ மாறுகிறது, ஆனால் அது நம் கைக்கு அகப்படாதபடி மறைவாக நடக்கிறது என்று. இன்னொரு கட்சி சொல்கிறது, இரண்டு நிறமுமே வருகிறது, உலகமே பிரிந்துவிடுகிறது, ஒன்றில் நீ சிவப்பைப் பார்க்கிறாய், மற்றதில் நீலத்தை. "அப்ப இன்னொரு உலகத்துல நான் இந்தக் கடைய வித்துட்டனா?" என்றேன். "இருக்கலாம்மா" என்றாய். "எவ்வளவுக்கு?" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் காப்பியைச் சட்டையில் சிந்திக்கொண்டாய். மூன்றாவது கட்சிக்குத் திறப்பதற்குமுன் நிறம் என்பதே கிடையாது, என்ன நிறமாக இருந்தது என்று கேட்பதே தவறு. அரசாங்க அலுவலகத்தில் இதற்கு விண்ணப்பப் பாரம் இல்லை, போ என்று அனுப்பிவிடுவார்களே, அது மாதிரி இருந்தது எனக்கு. நாலாவது கட்சி சின்னக் கட்சி. எந்தப் பெட்டியைத் திறப்பது என்று முடிவெடுக்கும் கையும்கூட ஆதியிலேயே அடுக்கப்பட்டுவிட்டது என்கிறார்கள். "அப்ப வாடிக்கையாளரும் சப்ளையர் ஆளா?" என்று கேட்டேன். "சரியா பிடிச்சிட்டீங்க. அதனாலதான் அந்தக் கட்சியில ஆளே கம்மி" என்றாய்.

நீ எந்தக் கட்சி என்று கேட்டதும் உன் முகம் மாறியது. உன் பேராசிரியர் உலகம் பிரிகிற கட்சி. உனக்கு அது மனதுக்கு ஒட்டவில்லை. மற்றதும் ஒட்டவில்லை. "தெரியலம்மா. தெரியலன்னு சொல்றவனுக்கு அடுத்த வேலை யார் குடுப்பா?" என்றாய். அப்படி நீ பேசி நான் கேட்டதில்லை. பேச்சை மாற்றத்தான் நீ கடைசியாக இதைச் சொன்னாய் என்று நினைக்கிறேன். "ஆனா ஒரு விஷயத்துல நாலு கட்சியும் ஒண்ணு. இத வச்சு செய்தி அனுப்ப முடியாது. என்ன கலர் வரணும்னு இங்க யாரும் முடிவு பண்ண முடியாது. அங்க இருக்கிறவனுக்குச் சிவப்பும் நீலமும் கன்னாபின்னான்னு வரும், அவ்வளவுதான். ரெண்டு பேரும் போன் போட்டுப் பேசி ஒப்பிட்டுப் பார்த்தாத்தான், ஒத்துப்போன விஷயமே வெளிய தெரியும்." காப்பிக் கறையைத் துடைத்துக்கொண்டே சொன்னாய். அந்த வாரமே விமானம் ஏறினாய்.

அதற்குப் பிறகுதான் ராஜன் மாஸ்டரின் காப்பு வந்தது. செம்புக் காப்பு, இரண்டு இரண்டாக ஒரு வெல்வெட் பெட்டியில். ஒன்று உங்களுக்கு, ஒன்று தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு. ஒன்றாக உருக்கிப் பிரித்ததாம், அதனால் பின்னிக் கிடக்கிறதாம், நீங்கள் நினைத்தால் அங்கே தெரியுமாம். ஜோடி விலை தொண்ணூற்றொன்பது வெள்ளி. விளம்பர வீடியோவில் நீ நின்று பேசுகிறாய். கைதட்டலோடு நறுக்கென்று வெட்டியிருந்தார்கள். நான் அனுப்பியதைப் பார்த்துவிட்டு நீ என்ன சொன்னாய்? "முட்டாள் ஜனங்கம்மா, நம்பினா நம்பிட்டுப் போறாங்க, என் நேரம் வீணா." அதோடு வைத்துவிட்டாய். நீ முட்டாள் என்றவர்களில் உன் அத்தையும் ஒருத்தி என்பது உனக்குத் தெரியாது. எனக்கே அப்போது தெரியாது.

தனத்துக்கும் கவிதாவுக்கும் நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். கவிதா தானாகத் தேர்ந்தெடுத்தவனைப் பதிவுத் திருமணம் செய்தபோது தனம் போகவில்லை. அன்றிலிருந்து மகள் பேசுவதில்லை. ஆனால் தனம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும் மெல்பர்னுக்குப் போன் அடிப்பாள். அந்தப் பக்கம் யாரும் எடுக்க மாட்டார்கள். வைத்துவிட்டுப் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போவாள். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும், யாரும் அவளிடம் பேசுவதில்லை.

போன மாதம் கவிதா என்னைக் கூப்பிட்டாள். எடுத்ததும் அழுகை. "அத்த, அம்மாவுக்கு உடம்பு ஏதும் முடியலயா?" என்றாள். இல்லையே, நேற்றுக்கூடப் போனில் நன்றாகப் பேசினாளே என்றேன். "அப்ப ஏன் போன் வரல? நாலஞ்சு வாரமா அடிக்கல." எனக்குக் கோபம் வந்தது. "எடுக்கவே மாட்டியே, அடிச்சா என்ன அடிக்காட்டி என்ன?" என்று கேட்டேன். அவள் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள். "நான் எடுக்க மாட்டேன் அத்த. ஆனா ஞாயித்துக்கிழமை எங்கயும் வெளிய போகமாட்டேன். போன மேசைல வச்சுக்கிட்டு அது அடிச்சு முடியிற வரைக்கும் பார்த்துக்கிட்டு இருப்பேன்." பிறகு அவளே சொன்னாள். "தபால்ல ஒரு காப்பு வந்துச்சு. கூட ஒரு வரி எழுத்துகூட இல்ல. குடுக்க வேண்டியதக் குடுத்து, தலைமுழுகிட்டாங்கன்னு நினைச்சேன்."

அன்றைக்கே தனம் வீட்டுக்குப் போனேன். கையில் காப்பு மினுக்கிக்கொண்டிருந்தது. ஏன் போன் அடிப்பதில்லை என்று கேட்டேன். அவள் கூச்சப்பட்டாள், கல்யாணப்பெண் மாதிரி. "எதுக்கு அண்ணி அடிக்கணும்? அவளுக்குத்தான் தெரியுதே. ஞாயித்துக்கிழமை இதப் பிடிச்சுக்கிட்டு உக்காருவேன். சூடா இருக்கும்."

"கையால பிடிச்சா செம்பு சூடாகத்தான் செய்யும்."

"உங்களுக்கு எல்லாம் வியாபாரந்தான்." பிறகு குரல் இறங்கிவிட்டது. "போன் அடிக்கிறப்ப என் கை எப்படி நடுங்கும் தெரியுமா? ஒவ்வொரு மணியும், அவ பார்த்துட்டு மூஞ்சத் திருப்பிக்கிற மாதிரி இருக்கும். காப்பு போட்டதுலேருந்து அந்த நடுக்கம் இல்ல அண்ணி. நிம்மதியா தூங்குறேன்."

கவிதா சொன்னதை அவளிடம் சொன்னேன். நம்பவில்லை. நான் சமாதானத்துக்காகக் கதை கட்டுகிறேன் என்று நினைத்தாள். "அப்ப சுரேன் அத்தன பேரு முன்னால சொன்னது பொய்யா? அவன் சொன்னதாலதான வாங்கினேன். அந்த மாஸ்டரு மூஞ்சிக்காகவா வாங்கினேன்?" என்று கேட்டாள். ஒரே காப்பு, சுரேன். இந்த முனையில் இருக்கிறவள் மகள் பக்கத்தில் வந்துவிட்டாள் என்று நினைக்கிறாள். அந்த முனையில் இருக்கிறவள் தாய் கையைக் கழுவிவிட்டாள் என்று நினைக்கிறாள். இருவரும் பேசி ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ராஜன் மாஸ்டரோடு நடந்தது வியாபாரப் பேச்சு. அது எனக்குக் கஷ்டமில்லை. தே தாரிக் தேநீர் வரவழைத்தார், "அக்கா, அக்கா" என்று உருகினார். "விஞ்ஞானிகளுக்கே ஏன்னு தெரியலன்னு உங்க மகனே சொல்றாரு. நாலு விளக்கம் இருக்கிறப்ப என்னோடது அஞ்சாவது. அதுல என்ன தப்பு?" என்று கேட்டார். கெட்டிக்காரப் பேச்சுத்தான்.

"மாஸ்டர், கோர்ட்டுல நாலு கட்சி அடிச்சுக்குது. நிலம் யாருதுன்னு அடிச்சுக்குது. ஆனா அந்த நிலத்துல தண்ணி இல்லன்னு நாலு பேரும் ஒரே மாதிரி எழுதிக் குடுத்திருக்காங்க. நீங்க அங்க கிணறு வித்துக்கிட்டு இருக்கீங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டு, அப்படியென்றால் என் கடையிலேயே வைத்து விற்கலாமே என்று கேட்டு, எனக்கு முப்பது விழுக்காடு தருவதாகவும் சொன்னார். உன்னிடம் மறைக்கமாட்டேன், மனம் ஒரு நொடி அங்கே போய்விட்டுத்தான் வந்தது. பள்ளித் தவணைக்கு முன்னால் நம் கடைக்கு வரும் தாய்மார்களில் எத்தனை பேருக்குப் பிள்ளை சிங்கப்பூரில், ஆஸ்திரேலியாவில்! அத்தனை பேரும் வாங்குவார்கள். அதனாலேயே எனக்குப் பயம் வந்தது. பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுப்பேன் என்று ஆரம்பித்தேன். மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் தான்தான் செலவு செய்ததாகவும், அதனால் பேச்சு தன்னுடையது என்றும் அவர் ஆரம்பித்தார். விற்காத மிச்சச் சரக்கு அறை மூலையில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது. அதை நான் பார்த்ததை அவரும் பார்த்தார். அதற்குப் பிறகு பேச்சு சுருக்கமாக முடிந்துவிட்டது.

உன்மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். நீ பொய் சொல்லவில்லை. ஆனால் ஆச்சரியத்தை முதலில் எடுத்து வைத்தாய், நிபந்தனையைக் கடைசியில் வைத்தாய். முதலில் வைத்ததைத்தான் ஜனங்கள் வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். வெட்டினவர் மாஸ்டர்தான், ஆனால் வெட்டுவதற்கு வசதியான இடத்தை நீ விட்டுவைத்தாய். அதை உனக்குப் புரியவைக்கலாம் என்று தோன்றுகிறது. என் சங்கடம் வேறு. தனத்தின் கை மறுபடி நடுங்கும். அந்த நடுக்கத்தைத் திருப்பிக்கொடுக்கிற வேலையைத்தான் நான் செய்கிறேன். கவிதா கடைசிவரை எடுக்காமலே இருந்துவிட்டால்? அப்போது நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்த ஒருத்தியை எழுப்பிப் போன் முன்னால் உட்காரவைத்தது மட்டும்தான் மிச்சம். ராஜன் மாஸ்டர் விற்றது பொய், ஆனால் தூக்கம் வந்தது உண்மை. இரண்டையும் எந்தத் தட்டில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது. உன்னைப்போல் நானும் தெரியாது என்றே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அங்கே ஒருத்தி மேசைமேல் இருக்கும் போனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை.

பேசி முடித்தது இது. ராஜன் மாஸ்டர் வீடியோவை அழித்துவிட்டார். உன் பேரையோ படத்தையோ இனிப் போடமாட்டார், காப்பைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்களுக்கு முழுப் பணத்தையும் கொடுப்பார். மிச்சமிருக்கும் காப்புகளை ஜோடி ஒன்பது வெள்ளிக்கு நான் எடுத்துக்கொள்கிறேன். நம் கடையில் ஒற்றை ஒற்றையாக, வெறும் செம்புக் காப்பாக, செய்தி எதுவும் போகாது என்று எழுதிய அட்டையோடு தொங்கும். நீ அடுத்த விடுமுறையில் அதே மண்டபத்தில் இலவசமாக ஒரு மணி நேரம் பேசவேண்டும், என்ன முடியாது என்பதில் ஆரம்பித்து. உன்னைக் கேட்காமல்தான் ஒப்புக்கொண்டேன். அதற்கு முன்னால், இந்தச் சனிக்கிழமை நீ தனத்துக்கு வீடியோ போன் போட்டு, அவள் முகத்தைப் பார்த்து, காப்பு எதையும் கொண்டுபோகாது என்று உன் வாயால் சொல்லவேண்டும். நாலு கட்சிக் கதையெல்லாம் வேண்டாம். அதைக் கேட்டபிறகு, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கவிதாவுக்குப் போன் அடிக்கிறேன் என்றிருக்கிறாள். காப்பைக் கழற்றமாட்டாளாம், அதை நான் விட்டுக்கொடுத்துவிட்டேன். கவிதா போனை எடுக்கமாட்டாளாம், அதையும் விட்டுக்கொடுத்துவிட்டேன். இரண்டு பேரிடமும் நான் வாங்கிக்கொண்ட வாக்கு ஒன்றுதான்: மணி தானாக அடித்து ஓயும்வரை தனம் இந்தப் பக்கம் வைக்கக்கூடாது, கவிதா அந்தப் பக்கம் துண்டிக்கக்கூடாது.